காத்துக்கு மூடி, வீட்டுக்குக் கொக்கு

இது நடந்த கதை. ஒரு சொட்டு பொய் கிடையாது. சரி சரி, முறைக்காதீங்க, ரெண்டு சொட்டு இருக்கும். இத்தனை பேருக்குப் பத்தணும்னா கொஞ்சம் தண்ணி ஊத்தித்தானே ஆகணும்? ஆனா ரொம்ப ஊத்த முடியாது. கதையில வர்றவங்களே இந்தத் தையல் ரூமுல சுத்தி உக்காந்திருக்காங்க. ஜன்னலுக்குக் கண்ணாடி போடுற நம்ம கண்ணாடிக்காரரு, மெஷின் பக்கத்துல அவரு சம்சாரம் தையக்காரம்மா, அந்தம்மா தம்பி வேன் டிரைவரு, எதிர்வீட்டு டிரம்பட்காரரு. டிரம்பட்காரரு ஊதுனா மூணு தெருவுல தொட்டில் ஆடும். தானா ஆடும்.

கண்ணாடிக்காரரு வேலைக்குக் கிளம்புறதைப் பாத்திருக்கீங்களா? வாசலுக்கு வந்து மூக்கை மட்டும் வெளியில நீட்டுவாரு. உடம்பு உள்ளயே இருக்கும். மூக்கு தெருவைச் சுத்திட்டு வந்து சேதி சொன்னதும், கை சுவத்து ஆணிக்குப் போகும். அங்க வரிசையா புகை பிடிக்கிற பைப்பு தொங்கும். காத்து அடிக்குதா, தகர மூடி போட்ட பைப்பு. அவரு மூடிப் பைப்பை எடுத்தாருன்னா போதும், எதிர்வீட்டுல கொடியில காயுற துணியை உள்ள எடுத்துருவாங்க.

ரெண்டு கையிலயும் ஆள் உசரக் கண்ணாடி பிடிக்கிற நாள்ல தொங்கட்டான்னு ஒரு பைப்பு. வளைஞ்சு தாடையில தொங்கும், பல்லுக்குப் பாரமே தெரியாது. பேச்சு மட்டும் புருவத்தாலதான். ஏணிக்குக் கீழ நிக்கிற ஆளு புருவத்தைப் பாத்தே இடமா வலமான்னு புரிஞ்சுக்கணும். குளிருக்குன்னு ஒண்ணு வச்சிருக்காரு, குண்டு. பாதி புகைக்க, பாதி உள்ளங்கைக்குச் சூடு. மழை வந்துட்டா வாயில இருக்கிறது எதுவானாலும் அப்படியே தலைகீழா கவுத்துக்குவாரு. குடத்தைக் கவுத்தா தண்ணி கொட்டும்ல? இவரு பைப்பைக் கவுத்தா நெருப்பு கொட்டாது. உள்ள அப்படி அடைச்சிருப்பாரு. அடியில தலையணைப் பஞ்சு மாதிரி லேசா, மேல போகப்போக இறுக்கி.

வீட்டுக்கு வந்துட்டாருன்னா கொக்குன்னு ஒரு பைப்பு. நீளமா, ஒல்லியா, புகை நடந்து நடந்து ஆறி வாய்க்கு வந்து சேரும். காத்து இல்லாத ரூமுக்குன்னே பொறந்தது.

"ஏங்க, ஒரு வாய்க்கு எத்தன பைப்பு?"

"ஏம்மா, ஒரு துணிக்கு எத்தன ஊசி?"

தையக்காரம்மா வாயை அடைச்ச ஒரே பதில் அதுதான். அதுவும் ஒரு நூல் கோக்குற நேரம்தான் அடைஞ்சிருந்துச்சு.

அப்புறம் இருமல் வந்துச்சு. அவரு இருமுனா பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் அதிரும். "மாமா தொழிலுக்கு ஆள் பிடிக்கிறாரு"ன்னு வேன் டிரைவரு சிரிப்பான். தையக்காரம்மா சிரிக்கல. ஒரு நாள் அந்தம்மா கடைக்குப் போன வழியில பாத்துச்சு. ஏணிக்கு நடுவுல மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு கையாலயும் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இருமி முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. அந்தம்மா கூப்பிடல. கூப்பிட்டா கை விட்டுருவாரோன்னு பயம்.

அன்னைக்கே புகையிலை டப்பா தையல் மெஷின் டிராயருக்குள்ள போயிருச்சு. தினமும் ஒரே ஒரு பைப்பு. அதுவும் ஊசி குத்தாம விரல்ல மாட்டுற தகரத் தொப்பி இருக்குல்ல, அதுல அளந்து ரெண்டு தொப்பி. "டாக்டர்கூட இப்படி மருந்து அளக்கமாட்டாரு"ன்னாரு. "டாக்டருக்கு நீங்க புருஷன் இல்ல"ன்னுச்சு.

அங்கதான் அந்தம்மா கணக்கு தப்பிப்போச்சு. ரெண்டு தொப்பிப் புகையிலையை மனுஷன் காலையில பத்த வச்சா சாப்பாட்டு நேரம் வரைக்கும் உயிரோட வச்சிருக்க ஆரம்பிச்சாரு! (இங்க ஒரு சொட்டு.) உறிஞ்சுறதே கிடையாது. பக்கத்துல உக்காந்து மூச்சு விடுவாரு, அவ்ளோதான். உள்ள நெருப்பு எரியாது, தூங்கும். புள்ளையை மடியில போட்டுக்கிட்டு அசையாம இருப்பாங்களே, அந்த மாதிரி இருப்பாரு. அந்தம்மா திட்டணும்னு திரும்பும், அப்படியே பாத்துக்கிட்டு இருந்துரும். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், துணி முடிஞ்சுபோய் வெறும் காத்தைத் தச்சுக்கிட்டு இருக்கும்.

அப்பத்தான் புகையிலைக் கடைக்காரரு பரிசு போட்டு ஒரு போட்டி வச்சாரு. எல்லாருக்கும் ஒரே அளவு புகையிலை, ரெண்டே தீக்குச்சி. யாரு பைப்பு கடைசி வரைக்கும் அணையாம இருக்கோ அவரு ஜெயிச்சாரு. உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது, பைப்பைக் கையால மூடக் கூடாது.

"போங்க, ஆனா பந்தயம்"னுச்சு தையக்காரம்மா. "தோத்தீங்கன்னா எல்லாப் பைப்பும் அடுப்புக்கு. ஜெயிச்சா தினமும் ரெண்டு பைப்பு."

கடை மாடி, ஜன்னலெல்லாம் அடைச்சிருக்கும்னு சொன்னதை நம்பி மனுஷன் கொக்கை எடுத்துட்டுப் போனாரு. சரியான முடிவுதான். ஆனா இருபது பேரு சேந்து புகைச்சா என்ன ஆகும்? பக்கத்து ஆளு மூஞ்சி தெரியல. கடைக்காரரு இருமிக்கிட்டே போய் பால்கனிக் கதவைத் திறந்து விட்டுட்டாரு. காத்து 'வந்தேன்'னு உள்ள வந்துச்சு. மூடிப் பைப்பு வீட்டுல ஆணியில தொங்குது.

ஒவ்வொருத்தரா அணைஞ்சாங்க. ஒருத்தரு தும்முனாரு, பைப்பு காலி. கடைசியில ரெண்டே பேரு. இந்த ஓரம் கண்ணாடிக்காரரு, அந்த ஓரம் டிரம்பட்காரரு. அக்காவோட வேடிக்கை பாக்க வந்திருந்த வேன் டிரைவரு அந்தம்மா காதுல, "எண்ணிக்கோ, மாமா அவுட்டு"ன்னான். கொக்கு தலையில நெருப்பு செக்கச்செவேல்னு முழிச்சிருச்சு. இப்படி எரிஞ்சா நாலு மூச்சு தாங்காது. அவரு கண்ணு அந்த நெருப்பை விட்டு நகரல. மூச்சு விடுறாரான்னே தெரியல. தையக்காரம்மாவுக்கு ஏணி ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கும் இதே மூஞ்சிதான். கையை மட்டும் விடாத மூஞ்சி.

அந்தம்மா எந்திரிச்சுச்சு. நேரா பால்கனிக் கதவுக்குப் போச்சு. தோள்ல கிடந்த சால்வையை ரெண்டு கையாலயும் விரிச்சு உதறுற மாதிரி பிடிச்சுக்கிட்டு, தெருவுல எதையோ பாக்குற மாதிரி நின்னுச்சு. கை வலிச்சும் இறக்கல. சால்வை பாய்மரம் மாதிரி புடைச்சுச்சு. காத்து அதுல முட்டி, திரும்பி, அந்த ஓரமா போச்சு. நெருப்பு இந்தப் பக்கம் கண்ணை மூடித் தூங்குச்சு. அந்தப் பக்கம் டிரம்பட்காரரு பைப்பு...

"நிறுத்துய்யா உன் கதையை!" தையல் ரூமுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த டிரம்பட்காரரு எந்திரிச்சுட்டாரு. "அந்தக் காத்து எனக்கு வந்தது இப்படித்தானா? ஏம்மா தங்கச்சி, இது நியாயமா?"

"எனக்குப் புழுக்கமா இருந்துச்சு, நின்னேன்!" தையக்காரம்மா கத்திரிக்கோலை மேஜையில வச்ச சத்தத்துல பூனை ஓடிருச்சு. "இந்தாளு கதையை நம்பிக்கிட்டு வர்றீங்களே!"

"புழுக்கத்துக்கு யாராவது சால்வையை விரிப்பாங்களா?"

"அக்காவை எதுக்கு கேக்குறீங்க?" வேன் டிரைவரு குறுக்க வந்தான். "எந்திரிக்கக் கூடாதுங்கிறது போட்டியில இருந்தவங்களுக்குத்தான். அக்கா போட்டியிலயா இருந்துச்சு?"

"அப்ப வெளியாளு குறுக்க வந்துருச்சு, நான் தோக்கலடா! அந்தப் பரிசை இங்க கொண்டா!"

"நீங்க ஊதியே அணைச்சீங்க, நான் பாத்தேன்!"

"யாருடா ஊதுனது?"

"அவரு தோத்தா பந்தயத்துல ஜெயிக்கிறவளே நான்தான், நான் எதுக்குக் காத்தை மறைக்கணும்?"ன்னு தையக்காரம்மா கேட்டுச்சு. கேட்டதுக்கப்புறம்தான் அந்தக் கேள்வி அதுக்கே காதுல விழுந்துச்சு. மூஞ்சி சிவந்துபோச்சு. அந்தச் சிவப்போடயே தம்பி பக்கம் திரும்பி, "எல்லாம் உன்னாலடா"ன்னு அவன் முதுகுல ஒண்ணு வச்சுச்சு. அவன் அலறுனான், டிரம்பட்காரரு அதுக்கு மேல அலறுனாரு.

அன்னைக்கு நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்த கண்ணாடிக்காரருக்கு, கதவுல யாரு நின்னாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும். சண்டைக்கு நடுவுல சம்சாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கையில பைப்பு அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சோ, அவரு கவனிக்கல.