அத்தான் பார்த்த திமிங்கிலம்

அக்காவின் உயிர்காப்பு அங்கியின் முதுகுப்பக்கத்தில் ஒரு பட்டி இருந்தது. அசோர்ஸ் தீவுகளைச் சுற்றி நாங்கள் படகில் போன அந்தக் காலை முழுவதும் அத்தான் அதை விடவேயில்லை. கடலுக்குள்ளிருந்து கருஞ்சுவர்போல எழும்பி நின்ற எரிமலைத் தீவுகளையோ, படகோடு சேர்ந்து துள்ளி வந்த டொல்பின்களையோ அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திமிங்கிலம் பார்ப்பது அக்காவின் நெடுநாள் ஆசை. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பீலெஃபெல்ட் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான். “விடுங்கோப்பா, ஆக்கள் பாக்கினம்,” என்று அவள் சினந்தால், “கடலை நம்பேலாது. நீர் பேசாமல் நில்லும்,” என்பார் அத்தான். சிறுவயதில் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவர் அவர். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் எரிச்சலாகத்தான் வந்தது.

ஒருவழியாகத் திமிங்கிலம் எழுந்தது. எல்லோரும் கூவினார்கள். அக்கா எட்டிப் பார்க்கக் குனிந்தாள். அத்தான் இழுத்த இழுப்பில் படகின் தளத்தில் பொத்தென்று விழுந்தாள். அவள் எழும்புவதற்குள் கடல் வெறுமையாகிவிட்டது.

மறுநாள் காலை அக்கா தனியாகப் போய்ப் படகேறிவிட்டாள். அத்தான் படகுத்துறையைவிட்டு அசையவில்லை. “ஒரு கோப்பி குடிப்பம், வாங்கோ அத்தான்,” என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். “நீ போய்க் குடி, பிள்ளை,” என்றார், கடலைப் பார்த்தபடி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

படகு வந்தது. இறங்கிய அக்கா அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“கண்டனப்பா,” என்றாள். “முதல்லை மூச்சுத்தான் கேட்டது. ஆரோ பக்கத்திலை நிண்டு பெருமூச்சு விட்ட மாதிரி. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போச்சுது. நாளைக்கு நீங்களும் வாறியள். ரெண்டு கையும் பொக்கெற்றுக்குள்ளை இருக்கோணும்.”

போனார். கைகளும் பொக்கெற்றுக்குள்ளேயே இருந்தன. திமிங்கிலம்தான் வரவில்லை.

இப்போது இங்கே எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் அத்தானுக்குத் திமிங்கிலக் கதைதான். “ஆரோ பக்கத்திலை நிண்டு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது, தம்பி,” என்று யாரோ ஓர் இளைஞனைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்ப்பேன்.

“பேசாமல் இரடி,” என்பாள் அவள். “வடிவாச் சொல்லுறார்.”