குழந்தைகள் வார்டில் மூன்று கோமதிகள்

குழந்தைகள் வார்டு நர்ஸ் வேலையில் பாதி மருந்து கொடுப்பது. மீதிப் பாதி, அது சரியான பிள்ளைக்குத்தான் போயிருக்கிறதா என்று பயந்துகொண்டே இருப்பது. வெள்ளைச் சேலை கட்டி, நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில், இப்போது மூடிவிட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தேன். பன்னிரண்டு கட்டில், நர்ஸ் இரண்டு பேர்.

மூன்று கோமதி

எங்கள் ஊரில் பெண் குழந்தைக்குக் கோயிலில் இருக்கிற கோமதியம்மன் பேரைத்தான் வைப்பார்கள். ஒரு ஐப்பசி மழையில் வார்டில் மூன்று கோமதி படுத்திருந்தார்கள். நெஞ்சுச் சளியில் கிடந்த கோமதிக்குப் பென்சிலின் ஊசி ஏற்றி வைத்துக்கொண்டு, "கோமதி!" என்று கூப்பிட்டேன். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஞ்சால் துடைத்துவிட்டேன். ஊசி தோலைத் தொடப் போகும்போது அவள் கேட்டாள்: "நர்சம்மா, நேத்து கையில போட்டுப் பாத்து தடிச்சுப்போச்சே, அதே ஊசியா?"

பென்சிலின் ஆகாது என்று முந்தின நாள்தான் சிவப்பு மையில் எழுதியிருந்தோம், அந்தக் கோமதிக்கு! ஊசி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். பிறகு டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

இன்னொரு கோமதியின் அப்பா தறியில் வேலை பார்ப்பவர். மறுநாள் சேலைக் கரையிலிருந்து கிழித்த துணி நாடாக்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாடாவிலும் பிள்ளை பேர், அப்பா பேர் எழுதி, மணிக்கட்டைச் சுற்றி வளையம்போல முனைகளைத் தைத்துவிட்டோம். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சிஸ்டர், ஊர்ப்பேரையும் சேத்து எழுதிருங்க. மேலநீலிதநல்லூர்ல எங்க ஒரு தெருவுலேயே நாலு கோமதி இருக்காளுவ."

ஒரு கரண்டி

மாரியம்மாள் என்ற சின்ன வயதுத் தாய் ரெண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். முந்தின நாள் நான் கொடுத்தனுப்பிய சளி மருந்தைக் குடித்ததிலிருந்து பையன் கண் திறக்கவில்லை. கிள்ளினால் முனகினான், மறுபடியும் தூங்கினான். மருந்துப் பாட்டிலைப் பார்த்தேன். ஒரே நாளில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எதில் ஊற்றினாய் என்று கேட்டதும், மடியிலிருந்து குழம்புக் கரண்டியை எடுத்துக் காட்டினாள்.

டாக்டர் பையனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து முறுக்கு கேட்டான். வார்டே சிரித்தது. "ஏம்மா, இம்புட்டுப் பெரிய கரண்டியிலயா கொடுப்பாங்க?" என்று நான் கோபப்பட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கதான ஒரு கரண்டின்னு சொன்னிய. எங்க வீட்ல கெடக்கதே அந்த ஒரு கரண்டிதான், நர்சம்மா."

தப்பு யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு மருந்தோடு அளந்து ஊற்ற ஒரு மூடியும் கொடுத்து, தாயையே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவேன். இதைப் பார்த்து முதலில் சிரித்தவள் பக்கத்துக் கட்டில்காரி. அவளே மூணு தடவை தப்பாக ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "சமையலுக்குக்கூட இப்படி அளந்ததில்ல, தாயி."

காணாமல் போன புள்ளி

வலிப்பு வந்த கைக்குழந்தைக்கு டாக்டர் மருந்து எழுதியிருந்தார். ஐந்து மில்லி என்று இருந்தது. அந்த உடம்புக்கு அது அதிகம் என்று எனக்குப் பட்டது. டாக்டரோ முன்கோபி. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது சீட்டை நீட்டினேன். "எழுதினதைப் படிக்கத் தெரியாதா?" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நான் நகரவில்லை. "ஒருவாட்டி வாசிச்சுப் பாத்துருங்க சார்" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்துக்கு முன்னால் வைக்க வேண்டிய புள்ளியை அவர் வைக்கவே இல்லை. அரை மில்லிதான் அவர் மனசில் இருந்தது. பிறகு சீட்டில் 'அரை' என்று எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "சிஸ்டர், இனிமே நான் எழுதுறத எனக்கே ஒருதரம் வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க. நான் கத்துனாலும் வாசிங்க."

நாலாவது பக்கம்

ஒரு கட்டிலில் பக்கக் கம்பி உடைந்து பல நாளாகியிருந்தது. தாய் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், ஒன்றரை வயதுப் பயல் அந்த வழியாக உருண்டு விழுந்தான். நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். நாள் பூராவும் பார்த்தோம். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. மறுநாள் வழக்கம்போல என் தொப்பியைப் பிடித்து இழுத்தான்.

அப்பா சுடலை, இளையரசனேந்தல் பக்கம் ஆடு மேய்ப்பவர். யாரையும் ஒரு வார்த்தை வையவில்லை. கம்பும் கயிறும் கொண்டுவந்து, திறந்து மூடுகிற மாதிரி ஒரு படல் கட்டி அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டார். டாக்டர் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இதை எப்படி யோசித்தாய் என்று கேட்டதற்குச் சுடலை சொன்னார்: "ஆட்டுக்குட்டிய அடைக்கவே நாலு பக்கமும் கட்டுதோம். பிள்ளைய மட்டும் மூணு பக்கத்தோட விட்டா எப்படி, டாக்டரய்யா?"

இப்படி எல்லாரையும் நச்சரித்து 'கேள்வி கேட்டே கொல்லுத நர்ஸ்' என்று பேர் வாங்கிய நான், கேள்வியைத் தவிர வேறெதனாலும் யாரையும் கொல்லாமல் ரிட்டயர் ஆனதில் எனக்கு ரொம்பத் திருப்தி.