ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

பத்து வயதில் நான் ஒரு கம்ப்யூட்டரைப் பழுது பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். சித்தி மட்டும் சொல்ல மாட்டாள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் அப்பா போட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணக் கேசட்டில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிற காலம் அது, தொண்ணூறுகளின் கடைசி. தாமரை விரிய வேண்டும், உள்ளே மணப்பெண் சிரிக்க வேண்டும். அதற்காகவே அப்பா சேலத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். படம் தங்குதடையில்லாமல் ஓட அதில் கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒரு பலகை, அதன்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு காற்றாடி. இயக்க வெளியாள் தேவைப்படவில்லை. அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள், சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். அவள்தான் நான் சொல்லும் சித்தி.

ஏற்காட்டில் பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு எரியாத வீடு அப்போது அபூர்வம். எரியாவிட்டால் மலை ஈரத்தில் பட்டுப்புடவையில் பூசணம் பூத்துவிடும். கேமரா லென்ஸுக்கும் அதே வைத்தியம். அப்பா கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டி செய்து, அதற்குள் கம்ப்யூட்டரை வைத்து, பக்கத்திலேயே பல்பையும் எரியவிட்டார். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது. பாதி விரிந்த தாமரை அப்படியே நின்றது, மவுஸை எப்படி இழுத்தாலும் அசையவில்லை. ஈரம் இன்னும் போகவில்லை என்று அப்பா அறுபது வாட் பல்பு போட்டார். இப்போது பத்தே நிமிடத்தில் நின்றது.

சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். மெலிந்த ஆள், முப்பது வயதுகூட இருக்காது. கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"கார்டு சூடாயிப் போவுதுங்க. அதான் ஹேங் ஆவுது."

"ஏனுங்க, ஏற்காட்டுல சூடுங்களா? நாங்களே ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கோம்" என்றார் அப்பா.

"நீங்க போட்டுக்கிட்டது சரிங்க. அதுக்கும் போட்டு விட்டுட்டீங்களே!"

சித்தி சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மெக்கானிக் பல்பை அணைத்தார், கம்ப்யூட்டரை மேஜைமேல் எடுத்து வைத்தார், காற்றோட்டத்துக்காக அதன் பக்கவாட்டு மூடியையும் கழற்றிவிட்டார். டீ ஆறுவதற்குள் அப்பா அவருடைய ஊர், உறவெல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். எங்கள் ஆட்கள் இல்லை என்று தெரிந்துபோயிற்று. அதன்பிறகு அப்பாவின் பேச்சில் மரியாதை இருந்தது, நெருக்கம் இல்லை. சித்திக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். சித்தியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரமே சித்தி அப்பாவிடம் வந்து நின்றாள்.

"மாமா, மறுபடியும் ஹேங் ஆவுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தோடு அவர் மறுபடியும் வந்தார். ஐந்து நிமிடம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். மீதி நாளெல்லாம் டெஸ்டிங். டெஸ்டிங் என்றால் சித்தி வேலை செய்வாள், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். என்னை வடை வாங்க அனுப்புவார்கள். திரும்பி வரும்போது சித்தியின் சிரிப்பு வாசல்வரை கேட்கும். புதன் வரை கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும், வியாழன் ஹேங் ஆகும். ஞாயிறு என்றால் சித்தி விடியும்போதே தலைக்குக் குளித்துவிடுவாள். இப்படியே ஏழு ஞாயிறு போயிற்று.

கிளியூர்க் கல்யாணக் கேசட் முடியவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் போலிருந்தது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த ஞாயித்துக்கெழம சரியாவலீன்னா, இத வித்துப்போட்டு மறுவேல பாக்கறேன்!"

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் அழுகை வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. சித்திக்கும் அந்த விளையாட்டின்மேல் ஆசைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சித்தி சாப்பிடப் போன நேரத்தில் டார்ச்சோடு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெரிய காற்றாடி சுற்றியது, கிராபிக்ஸ் கார்டின் குட்டிக் காற்றாடி சுற்றவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். சித்தி ஸ்வெட்டர் பின்னுகிற சிவப்பு உல்லன் நூல், காற்றாடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டிருந்தது. நூல் தானாகப் பறந்துவந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுமா என்று நான் யோசிக்கவில்லை. ஹேர்பின்னால் நிமிண்டி எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி விர்ரென்று சுற்றியது. பொழுது சாயும்வரை கார் ஓட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எதிர்க்கடைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். சித்தியிடம் இனிமேல் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பின்னக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

"சரிங்க மாமா" என்றாள் சித்தி.

மறுநாள் மெக்கானிக்கை அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் அந்த நூல்.

"எங்க பாப்பா கண்டுபுடிச்சுட்டா தம்பி. இனி நீங்க செரமப்பட்டு வர வேண்டாம்."

அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என் தலையில் கை வைத்தார்.

"நொம்பக் கெட்டிக்காரி சாமி நீ."

டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போனார்.

தையில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு வந்திருந்தபோது சித்தியே உட்கார்ந்து தன் கல்யாணக் கேசட்டுக்கு கிராபிக்ஸ் போட்டாள். வெளியே மேகம் இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. எல்லாம் என்னால்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த மெக்கானிக் பாவம் சித்தி. ஏழு வாரம் தலைய உள்ள உட்டுப் பாத்தாரு. அவ்ளோ செவப்பா இருந்த நூலு அவரு கண்ணுக்குத் தெரியவே இல்ல பாரு."

நூலை எடுக்காமல் ஒவ்வொரு வாரமும் அது புதன் வரை எப்படி ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா கண்ணு, தெரியல" என்றாள்.

சற்றுப் பொறுத்து எழுந்து போனாள். பின்பக்கம் வாளித் தண்ணீர் சத்தம் கேட்டது. இத்தனை குளிரில் எதற்கு இவள் இவ்வளவு நேரம் முகம் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டே, நான் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காரை ஓட்ட ஆரம்பித்தேன்.