ஏழாம் கூண்டின் காற்று

வெர்லின் கோபெக் பேசும்போது உதடு அசையும், பல் தெரியாது. உள்ளே புழுதி போய்விடுமோ என்ற பயம்போல. வாரம் முழுக்க நெப்ராஸ்காவின் மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிறவருக்கு அந்தப் பயம் நியாயம்தான். எங்கள் துப்பாக்கி கிளப்பில் அவர் குரலில் பேசிக் காட்டுவதை யாரும் எனக்கு வேலையாகக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். "தட்டு சரியாத்தான் போவுது. நீதான் சரியாப் பாக்கல." பல்லைக் கடித்துக்கொண்டு நான் இதைச் சொன்னால், சில்லி என்ற கறிக்குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். வெர்லினும் சிரிப்பார், பல் தெரியாமல்.

களிமண் தட்டுதான் எங்கள் பறவை. கூண்டுக்குள் நிற்பவர் "விடு!" என்று கத்துவார். இயந்திரம் தட்டை வீசும். உடைந்தால் ஒன்று, உடையாவிட்டால் பூஜ்யம். எந்தத் தட்டு எவ்வளவு வேகத்தில், எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று முந்தின நாளே முடிவுசெய்து இயந்திரத்தைப் பூட்டுகிறவர் வெர்லின். கடைசி மரையை முறுக்கியதும் அதன் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். யாராவது தொட்டால் கோடு பிளந்துவிடும். கோடு முழுசாக இருந்தால் காலையில் சுட்டவருக்கும் மாலையில் சுடுபவருக்கும் ஒரே தட்டு. அவருடைய நியாயம் அந்தக் கோட்டின் அகலம்தான்.

காற்று பெயின்டைப் பிளப்பதில்லை. அதற்காகக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பாதிப் போட்டியில் காற்று மாறி ஒரு கூண்டின் தட்டு அடியோடு வேறாகிப் போனால், அந்தக் கூண்டையே எல்லார் கணக்கிலிருந்தும் எடுத்துவிடலாம். அதைச் சொல்லும் உரிமை தட்டு வைத்தவருக்கு மட்டும்தான்.

அன்று மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. நூறு தட்டு, முதல் ஐந்து பேருக்கு இடம். வெர்லினின் தம்பி லைல் பதினோரு வருஷமாக அந்த இடத்துக்கு முயன்று ஆறாவதாகவும் ஏழாவதாகவும் வந்துகொண்டிருந்தான். ஐம்பத்து நான்கு வயது. இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

குலுக்கலில் அவன் பெயர் கடைசிக் குழுவில் விழுந்தது.

"மத்தியானத்துக்கு மேல காத்துன்னு ரேடியோவுல சொல்றான் வெர்லின். என்னைக் காலையில போட்டுடேன்."

"சீட்டு உன் பேரை அங்கதான் எடுத்துச்சு."

"சீட்டுக்கு வானிலை தெரியுமா?"

"எனக்கும்தான் தெரியாது."

காலையில் புல் அசையவில்லை. ஒன்றரை மணிக்கு வடக்கிலிருந்து காற்று வந்தது. மதிப்பெண் எழுதும் டார்லா தலையைத் தடவிப் பார்த்தாள். நாற்பது வருஷம் சிகரெட்டில் காய்ச்சிய குரல் அவளுக்கு. "என் தொப்பி இந்நேரம் கான்ஸாஸ் எல்லையைத் தாண்டியிருக்கும். போனா அங்கயே இருந்துக்கட்டும், கழுதை."

மற்ற கூண்டுகள் ஓடையோர மரங்களுக்குள் இருந்தன. ஏழாவது மட்டும் வற்றிய குளத்துக் கரைமேல், வெட்டவெளியில். அதன் தட்டு வடக்கு நோக்கிப் போகிறது. காலையில் கயிறு கட்டி இழுத்தாற்போல் நேராகப் போனது. இப்போது காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கியது. மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு சுட்டவரை நோக்கியே சரிந்தது. காலையில் எட்டுக்கு ஆறும் ஏழும் எடுத்த கூண்டில் மத்தியானத்தில் ஒருவர் இரண்டு எடுத்தார், அடுத்தவர் ஒன்று.

டார்லா தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெர்லினிடம் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏழாம் கூண்டைத் தூக்கிடு வெர்லின்."

"கோடு அப்படியே இருக்கு. பாத்துட்டு வந்தேன்."

"கோட்டை யாருய்யா கேட்டா? அது தட்டா, பட்டமா? போன தடவைக்கு முந்தின தடவை இதைவிடக் கம்மிக் காத்துக்கு நாலாம் கூண்டைத் தூக்கின இல்ல?"

வெர்லின் கரைப்பக்கம் திரும்பினார். கரைமேல் லைல் ஏறிக்கொண்டிருந்தான், தொப்பியை ஒரு கையால் அமுக்கியபடி. டார்லா அவனைப் பார்த்தாள், பிறகு வெர்லினைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"ஓ. அதுதானா?"

"அவன் சுடட்டும்" என்றார் வெர்லின்.

லைல் எட்டில் ஒன்று எடுத்தான். ஒவ்வொரு முறையும் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் சுட்டான். தட்டு அதற்கு ஓர் ஆள் உயரம் மேலே இருந்தது. எட்டாவது தட்டு முழுசாகப் புல்லில் விழுந்து உருண்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்தவர் "நகருப்பா லைல்" என்று சொல்லும்வரை நகரவில்லை.

மற்ற கூண்டுகளில் அவன் பிரமாதமாகச் சுட்டிருந்தான். மொத்தம் எண்பத்து நான்கு. காலையில் சுட்ட கென்ட் என்ற விதைக் கடைக்காரர் எண்பத்தாறோடு ஐந்தாவது. ஏழாம் கூண்டை எடுத்துவிட்டால் லைலுக்கு எண்பத்து மூன்று, கென்டுக்கு எழுபத்தொன்பது. இதைக் கணக்குப் போட யாருக்கும் பேனா தேவைப்படவில்லை. கென்டே வந்து, "நீ எடுத்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் வெர்லின்" என்றார். கொஞ்சம் சிவந்த முகத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

வெர்லின் தலையாட்டவில்லை. டார்லா பட்டியலை ஒட்டினாள்.

லைல் காலித் தோட்டாக்களைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான். வெர்லின் இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றான் லைல். "அந்தக் கடைசிக் குழுவுல நான் இல்லாம வேற எவனாவது நின்னிருந்தா, ஏழைத் தூக்கியிருப்பியா?"

வெர்லின் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய் போதும்.

"தூக்கியிருப்பேன்."

"அப்போ உன் தம்பியாப் பொறந்ததுக்கு நான் கட்டுற அபராதம் இது."

"ஊரு என்ன சொல்லும்டா லைல்?"

"ஊரு தூக்குன்னுதான் சொல்லிச்சு. உனக்குத்தான் காது கேக்கல." துப்பாக்கியை உறையில் போட்டான். "நீ நியாயம் பாக்கல வெர்லின். உன் பேரைப் பாத்த."

சில்லியும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் அன்று அப்படியே மிஞ்சின. யாரோ என்னைப் பார்த்து, வெர்லின் மாதிரி ஏதாவது சொல்லேன் என்றார்கள். வாய் வரவில்லை.

லைல் அதற்குப் பிறகு கிளப்புக்கு வரவில்லை. கண் ஆபரேஷன் ஆனதாகக் கேள்வி. வெர்லின் தொடர்ந்து தட்டு வைத்தார். ஆனால் அடுத்த மாதம் நாங்கள் போனபோது முதல் கூண்டில் முயல். முயல் என்றால் பறக்காத தட்டு. சக்கரம்போல் தரையோடு உருண்டு ஓடும். இரண்டாவதிலும் முயல். மூன்றாவதில் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து உடனே விழும் ஒன்று. ஏழில், அந்தக் கரைமேல், முயல். சிறுபிள்ளைகூடச் சுடலாம். காற்று அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

முதல் மாதம் ஆட்கள் கேலி செய்தார்கள். "காரட் கொண்டுவரட்டுமா வெர்லின்?" இரண்டாம் மாதம் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் மாதம் இரண்டு குழுதான் சேர்ந்தது. கமிட்டி டார்லாவைப் பேசச் சொல்லி அனுப்பியது. அவள் ஏழாம் கூண்டின் கம்பியில் சாய்ந்து சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தாள். காற்றில் நான்கு குச்சி போயிற்று.

"ஒண்ணாவது பறக்கணும்யா" என்றாள். "ஒரே ஒரு தட்டு."

"எது பறந்தாலும் ஒருத்தனுக்கு அநியாயம் டார்லா."

"அப்போ சாவியைக் குடு."

இயந்திரக் கொட்டகைச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு, கழற்றிய பின்னும், அந்த ஏழாம் இயந்திரத்தின் முன் மண்டியிட்டு மரையை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.