தாலிச் சரட்டில் ஒரு சாவி

திருமழிசையில் எங்களுக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் கத்தரித் தோட்டம். வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்தது போக மீதி நேரத்தில் அதைக் கட்டிக்கொண்டு அழுவார். பம்புசெட் கொட்டகையில் ஒருமுறை மோட்டார் திருடு போனதிலிருந்து ஸ்பிரேயர், உரம், பூச்சிமருந்து எல்லாம் எங்கள் சமையலறைப் பரணுக்கு வந்துவிட்டன. தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். திருடனுக்குப் பயந்து விஷத்தைச் சோற்றுப் பானைக்கு மேலே வைத்திருந்தோம்.

புருஷனோடு ஒத்துவராமல் என் நாத்தனார் எங்களிடம் திரும்பி வந்திருந்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "நான் இருந்து இன்னா அண்ணி ஆவப்போது?" என்றாள். மறுநாளே பூந்தமல்லிக்கு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளிடம் பொறுமையாகப் பேசி மாத்திரை எழுதினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுல பூச்சிமருந்து இருக்கா? இன்னைக்கே வெளியேத்துங்க. செத்துடலாம்ங்கிற வேகம் வந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அந்த நேரத்துல கைக்கு எட்டக் கூடாது."

வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "முடிவு பண்ணிட்டா வேற வழி தேட மாட்டாளா? பூட்டிகினு இன்னா பண்ணப்போற?"

"தேடட்டும். தேடுறதுக்குள்ள நான் வந்துடுவேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

அன்றைக்கே ஒரு இரும்புப் பெட்டியைக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டவைத்தேன். பூச்சிமருந்து முழுக்க அதற்குள் போயிற்று. சாவி என் தாலிச் சரட்டில், ஊக்குகளோடு. கத்தரிக்கு மருந்தடிக்கப் பொண்டாட்டி கழுத்தைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டுமே.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் ரேஷன் கடையிலிருந்து வந்தேன். பரணுக்குக் கீழே ஸ்டூல் கிடந்தது. மேலே இருந்த சாக்குகள் தரையில் இறைந்திருந்தன. நடுவில் உட்கார்ந்து நாத்தனார் விம்மிக்கொண்டிருந்தாள். எதைத் தேடினாள் என்று நான் கேட்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். என் கை தானாகப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. அழுது ஓய்ந்ததும், "பசிக்குது அண்ணி" என்றாள். அதைவிட நல்ல வார்த்தையை நான் இன்றுவரை கேட்டதில்லை. ரசம் சோறு பிசைந்து கொடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அதற்குப் பிறகும் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. மாத்திரையும் பேச்சுமாக வெகுநாள் இழுத்தது. இப்போது மண்ணூர்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். வாயில் என்னையே மிஞ்சிவிட்டாள்.

போன வாரம் வீட்டுக்காரர் மருந்தடித்து மீந்த பாட்டிலை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசல் ஓரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வேலை முடிந்து வந்த நாத்தனார் அதைப் பார்த்தாள். கிட்டேகூடப் போகவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அண்ணா! இது இன்னாத்துக்கு ஊட்டாண்ட கீது? மொதல்ல எட்துகினு போய்ப் பூட்டு. நான் இங்க வாழ்ந்துகினு கீறேன், தெரியுதா?"

அவர் ஈரத் தலையோடு ஓடிவந்து, சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார்.