நெற்றி வரைக்கும் வந்த படம்

நான் செய்கிற வேலை என்னவென்று செஞ்சியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "வீட்லயே உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குது" என்பார்கள், ஏதோ டிவி பார்ப்பதைச் சொல்கிற மாதிரி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். படங்கள் நிறைய உள்ள இணையதளங்களைச் செல்போனில் சட்டென்று திறக்க வைப்பதுதான் என் பிழைப்பு. படம்தான் ஒரு பக்கத்தைக் கனக்க வைக்கிறது. அதைக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் இளைக்க வைக்க வேண்டும். சின்ன போனுக்குச் சின்னப் படம் போக வேண்டும். கீழே இருக்கிற படத்தை, ஆள் அதுவரை தள்ளிக்கொண்டு வந்த பிறகு இறக்கினால் போதும். எழுத்து முதலில் வந்துவிட வேண்டும், படம் நிதானமாக வரலாம்.

இதையெல்லாம் நான் யாருக்காகச் செய்தேன் என்று நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. எங்கோ வெளிநாட்டில் ஒரு சோபாக் கடை. அங்கே ஒருத்தர் ஓடுகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு சோபா பார்க்கும்போது படம் ஒரு கணம் தாமதமாக வருகிறதாம். அந்த ஒரு கணத்தைக் குறைக்க நான் மூன்று நாள் மெனக்கெட்டேன். என் ஊர்க்காரர்களுக்கு, என்னைப் பெற்றவருக்கு, அரை நாள் மெனக்கெடவில்லை.

செஞ்சியில் நெல் வாங்குகிற மண்டிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பெரிய ஷெட்டு, சுற்றிலும் காம்பவுண்டு, இரும்பு கேட்டு. அவர்களுக்கு ஒரு இணையதளம் வேண்டுமென்று அதன் செயலாளர் என்னைத் தேடி வந்தார். உள்ளூர்ப் பெண், சொன்னதைக் கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். விவசாயிக்கு அதில் தெரிய வேண்டியது இரண்டே இரண்டு வரி. இன்றைக்கு எந்த நெல் என்ன விலை போனது, நாளைக்கு மூட்டை கொண்டு வரலாமா கூடாதா. ஷெட்டில் இடமில்லாமல் போனால் இரண்டு மூன்று நாள் மூட்டை எடுக்க மாட்டார்கள். அது தெரியாமல் லோடு கொண்டு வந்தவன் ரோட்டோரம் காவல் கிடக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டு வரிக்கு மேலே பதினோரு முகங்களைப் போடச் சொன்னார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் கௌரவ ஆலோசகர்கள் என்று ஒரு கும்பல். படங்களை அவர்களுக்கு வழக்கமாக ஃபிளெக்ஸ் அடித்துத் தருபவர் அனுப்பினார். இருபதடி உயரத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரே நிற்க வைப்பதற்கான ஃபைல். ஒவ்வொன்றும் நாலு கிளிக்குக்கு ஒரு தரம் என் கம்ப்யூட்டரையே மூச்சு வாங்க வைத்தது. நான் அவற்றை இளைக்க வைத்து, பக்கத்தைக் காட்டினேன். செயலாளர் தன் புதுப் போனில், ஆபீஸ் வைஃபையில் திறந்தார். திறந்த வேகத்தைப் பார்க்கவில்லை. விலை சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. தலைவர் முகத்தின்மேல் இரண்டு விரலை வைத்து இழுத்தார். இன்னும் இழுத்தார். திரை முழுக்க மூக்கு மட்டும் ஆனது.

"இன்னாம்மா, தலைவருக்கு மூக்கு மேல ஒரு மச்சம் இருக்குது, அதுவே தெரியல. மூஞ்சியெல்லாம் கொழகொழன்னு இருக்குது."

"சார், கிராமத்துல சிக்னல் இருக்காது சார். படம் கனமா இருந்தா பக்கம் தெறக்காது."

"அது தெறக்கறப்ப தெறக்கட்டும். மச்சம் தெரியணும்."

பதினோரு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே மாதிரி தங்கள் மூக்கை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு ஆலோசகர் தன் மோதிரக் கல்லைத் தேடினார். நான் ஃபிளெக்ஸ் ஃபைலையே ஏற்றினேன். அடுத்தது அறிவிப்பு. "நாளை விடுமுறை" என்பதை எழுத்தாக அடித்துப் போடலாம் என்றேன். "வெறும் எழுத்தா போட்டா மரியாதையாவா இருக்கும்?" என்று கேட்டார். ஆக, அறிவிப்பும் படம், விலையும் படம். மேலே முகங்கள், நடுவில் மாலை, கடைசியில் அடியில் ஒரு வரி விஷயம்.

இங்கே என் சொந்தப் பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் வராமல் போனால் அந்த இடத்தில் காட்டுவதற்கென்று ஒரு வரி எழுதி வைக்க வழி இருக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்கு போன் வாசித்துக் காட்டுவதும் அதைத்தான். சோபாக் கடையில் ஒரு தலையணைக்குக்கூட எழுதுவேன். இங்கே அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். செயலாளர் அதைத் தடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா தளவானூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைப்பவர். அவருடைய அப்பா காலத்தில் அதே நிலத்தில் கூலிக்கு இறங்கினவர்கள் நாங்கள். மண்டிக்குப் போவதற்கு முன்னால் ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஒருத்தருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். அதைத்தான் நான் நிறுத்தினேன். "இன்னும் எத்தினி நாளைக்கு அவரக் கெஞ்சிக்கினு இருப்ப நைனா? நான் செஞ்ச சைட்டு இருக்குது, அதுல பாத்துக்க. இதுக்கெல்லாம் எனக்கும் போன் பண்ணாத, மீட்டிங்ல இருப்பேன்" என்றேன். என் வீட்டில் வைஃபையில் திறந்து காட்டினேன். உடனே திறந்தது. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஊரில் யார் மண்டி பற்றிக் கேட்டாலும், "எம் பொண்ணு செஞ்ச சைட்டுல பாரு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தரம் ஊருக்குப் போனபோது மோட்டார் கொட்டாய் பக்கத்தில் நின்றுகொண்டு போனை உயர்த்திப் பிடித்திருந்தார். டவர் பாறைக் குன்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒற்றைக் கோடு வரும், போகும். நான் எட்டிப் பார்த்தேன். கனமான படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தலைவரின் முடி வந்திருந்தது.

"இரு பாப்பா, நெத்தி வந்துட்டாரு. இப்ப கண்ணு வருவாரு பாரு" என்றார். "மீசை வர்றதுக்குள்ள நான் ஒரு பாத்திக்குத் தண்ணி மாத்திட்டு வந்துருவேன். வெல வர்றதுக்குள்ள கழனி பாஞ்சிரும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சரிபண்ணித் தருகிறேன் நைனா என்றேன். அவரும் சரி என்றார். செஞ்சிக்குத் திரும்பியதும் சோபாக் கடை வேலை வந்துவிட்டது. சரிபண்ண வேண்டுமென்றால் மறுபடி பதினோரு மூக்கோடு மல்லுக்கு நிற்க வேண்டுமே என்ற சலிப்பும் இருந்தது.

ஆவணி மாதம். தலைவருக்கு மணிவிழா வந்தது. மண்டி ஷெட்டிலேயே பந்தல் போட்டுச் சாப்பாடு. முதல் நாள் சாயங்காலம் எனக்கு அறிவிப்புப் படம் வந்தது. மேலே பூத்தோரணம், அதன்கீழ் தலைவரும் அவர் மனைவியும் மாலையோடு, சுற்றிலும் பத்துப் பேர் கும்பிட்டபடி. அடியில், மாலையின் மணியை விடச் சின்ன எழுத்தில், "விழாவை முன்னிட்டு நாளை மண்டி விடுமுறை, மூட்டைகள் கொண்டு வர வேண்டாம்." ஏற்றினேன். நைனா நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தார். அறுப்பு மெஷின் அடுத்த வாரம்தான் வரும் என்று சொல்லியிருந்தார், அதனால் விட்டுவிட்டேன். மெஷின் பக்கத்துக் கழனிக்கு வந்ததோடு சேர்த்து இவருடையதையும் அறுத்துவிட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியாது. இதற்கெல்லாம் போன் பண்ணாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

மறுநாள் எனக்கும் விழாவுக்கு அழைப்பு. மேடைக்குக் கூப்பிட்டு, சங்கத்தை உலகறியச் செய்த தங்கை என்று சொல்லி ஒரு சால்வை போட்டார்கள். பந்தி முடிந்து கை கழுவும்போது மழை பிடித்துக்கொண்டது. தகர ஷெட்டின்மேல் காது கிழிகிற சத்தம். சாரலுக்கு ஒதுங்கி, ஷெட்டில் கேட்டைப் பார்த்த ஓரத்துக்கு வந்தேன். கம்பிக்கு வெளியே ரோட்டோரம் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின்மேல் ஒரு படுதாவின் மூலையைப் பிடித்துக்கொண்டு நைனா நின்றிருந்தார். படுதா பாதி மூட்டைக்குத்தான் எட்டியது. டிராக்டர்காரருக்கு வேறு நடை இருந்ததால் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாராம். இறக்கிப் போட்டபோது மணி பதினொன்று. மூன்று மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார்.

நான் சால்வையோடு கேட்டின் சின்னக் கதவு வழியாக வெளியே ஓடினேன். அதற்குள் செயலாளர் குடையோடு வந்துவிட்டார். "இன்னாய்யா இது? நேத்தே சைட்டுல போட்டாச்சே, பாக்கலியா?" என்றார், அவர் என் அப்பா என்பது தெரியாமல்.

"பாத்தேங்க. படம் நெத்தி வரைக்கும் வந்துச்சு, அப்பால நின்னுப்போச்சு. மேல பூத்தோரணம் தெரிஞ்சுது. யாருக்கோ வாழ்த்துன்னு நெனச்சுட்டேன். என் போனு ஓட்ட போனுங்க."

அவர் அப்படிச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. நானும் "இவர் எங்க நைனா" என்று சொல்லவில்லை. படுதாவின் இன்னொரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். செயலாளருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். "அடடா, சொல்லக் கூடாதா?" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரிய கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே மூட்டை அடுக்குகிற இடத்தில் நாற்காலிகள் இருந்தன.

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா நைனா?" என்று கத்தினேன். மழைச் சத்தத்துக்காகக் கத்தியதாக நினைத்திருப்பார்.

"நீ மேடையில இருந்தியே, கேட்டுலேருந்து பாத்தேன். சால்வ போட்டாங்க. பெரியவங்களோட இருக்கற, நடுவுல கூப்புட வேணாம்னு இருந்துட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "சாப்டியா?" என்றார்.

அடுத்த நாள் மண்டியில் குத்தூசியை மூட்டைக்குள் விட்டு நெல்லை எடுத்து மோந்து பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடி மூட்டைகளில் முளை கட்ட ஆரம்பித்திருந்தது. பாதிக்கு மேல் கோழித் தீவனத்துக்குப் போனது. அந்தப் போகத்தில் அவர் வெயிலில் நின்றதெல்லாம் கோழிக்கு.

அன்றைக்கே நான் யாரையும் கேட்காமல் அந்தத் தளத்தைப் பிரித்துப் போட்டேன். விலையும் அறிவிப்பும் எழுத்தாக, முதலில். முகங்கள் கீழே, இளைத்த படங்களாக. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் மட்டும் கனமான படம் வந்து இறங்கும்படி வைத்தேன். வெறுமையாக விட்ட இடங்களிலெல்லாம் ஒரு வரி எழுதினேன். மொத்தம் அரை நாள் வேலை. சண்டைக்கு வருவார்கள் என்று வாரம் முழுக்கக் காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. செயலாளர் ஒரு நாள் என் எதிரிலேயே இழுத்துப் பார்த்தார். மச்சம் தெரிந்தது. "இப்பதாம்மா நல்லா இருக்குது" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அவரை விட என்னை. இந்த வழி எனக்கு முதல் நாளே தெரியும்.

நைனாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் போனைத் திட்ட ஆரம்பித்தார். இந்தச் சனியனால்தான் எல்லாம் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு செஞ்சிக்கு வந்து அவருக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மோட்டார் கொட்டாயில் நின்று திறந்து பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் விலை வந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார்.

"அந்த ஓட்ட போனாலதான் என் நெல்லு போச்சு. எம் பொண்ணு செஞ்ச சைட்டு அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

பழைய போனை என்னிடம் கொடுத்துவிட்டார். என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அதை எடுத்துப் போய், அவர் வீட்டுக்குள் இருந்த நேரத்தில், கொட்டாயருகே அதே இடத்தில் நின்று திறந்தேன். ஒற்றைக் கோடுதான் காட்டியது. பக்கம் உடனே வந்துவிட்டது. சட்டென்று அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அவர் வந்து பார்த்துவிடுவாரோ என்று.