இணைச்சீர்க்காரி

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். வெட்டியெடுத்தாலும் திரும்ப வளரக்கூடிய உள்ளுறுப்பு கல்லீரல் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பிடிக்கும். பல்லி வால் மாதிரியா டீச்சர் என்று எவனாவது கேட்பான், வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அதே கல்லீரல் ஒரு வாரத்துக்குள் நல்ல திடகாத்திரமான ஆளை முடித்துவிடும் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

என் கணவருக்குப் பெருந்துறையில் பம்புசெட் ரிப்பேர்க் கடை. தலைவலி என்று ஒரு நாள் கடையை மூடியவர் இல்லை. குடி கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லீரல் என்றதும் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் கேட்டார்கள். காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது, கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், டாக்டரிடமும் காட்டினோம். ஒரு காலை சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்து, மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடைச் சாவி எங்கே என்றார். சாவி அவர் கையில்தான் இருந்தது. அன்று மத்தியானமே ஆம்புலன்ஸில் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

லிவர் டாக்டர் நிதானமாகப் பேசினார். கல்லீரல் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டது, வடிகட்ட வேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறுகிறது, மூளை வீங்க ஆரம்பித்தால் நேரம் கையில் இருக்காது. சிலருக்குக் கல்லீரல் தானாகவே திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்கு வேறு கல்லீரல் வைத்தால்தான் உயிர். எதனால் வந்தது என்று கேட்டேன். வைரஸ் எதுவும் அகப்படவில்லை, தேடுகிறோம் என்றார். நான் தலையாட்டினேன். வகுப்பில் ஒன்றும் புரியாத பிள்ளைகள் எப்படித் தலையாட்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அப்படித்தான் ஆட்டினேன்.

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கும் அவசரப் பட்டியலில் பதிவு செய்தார்கள். யாருடைய வீட்டிலோ இழவு விழுந்தால் எங்கள் வீட்டில் விளக்கு எரியும் என்று அர்த்தம். அதை நினைத்து உடம்பு கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. அன்றிலிருந்தே எனக்குள் எதுவோ மரத்துப்போய்விட்டது. பசித்தது, சாப்பிட்டேன். கேண்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்று எரிச்சல்கூட வந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு அதிகமாகப் படிந்திருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மெஷினும் அவர் பக்கமே பேசியது. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரிடம் இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று யோசித்தபடி நின்றேன். மாமியாருக்கு வயது மீறிவிட்டது, மகளுக்கு வயது போதாது. என் கணவரோ ஒற்றைப் பிள்ளை.

ஒற்றைப் பிள்ளை என்று நான் எழுதினால் எங்கள் உறவில் சண்டைக்கு வருவார்கள். அவருக்கு ஓர் அக்கா உண்டு. பெரியப்பா மகள். அந்தியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, மஞ்சளும் வாழையும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையோடு அவன் சகோதரி மணப்பெண் மாதிரியே அலங்கரித்துக்கொண்டு நிற்பாள். மடித்த சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை அக்காளிடம். சடங்குகளை நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்துவைப்பார். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்வதுதான் அந்தச் சீர். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டு அக்காளோ தங்கையோ செய்வாள். செய்த பிறகு பெரியப்பா மகள், சித்தப்பா மகள் என்ற பேச்சே கிடையாது. அவள்தான் கூடப்பிறந்தவள். என் கணவருக்கு இணைச்சீர் செய்தவள் இந்த அக்கா. எங்கள் வழக்கப்படி நான் நங்கையா என்று கூப்பிடுவேன்.

நான் போன் செய்து கேட்கவில்லை. கேட்கவும் வாய் வராது. செய்தி எப்படியோ போய், மறுநாள் காலை காந்திபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் புருஷனோடு வந்து நின்றாள். கூடையில் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் வந்துபோன வராந்தா அது. இவள் கையில் ஒன்றுமில்லை.

"வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன் கண்ணு. ரத்தம் எடுக்கோணும்னா சாப்பிடக் கூடாதாமே. ஆருகிட்டப் போகோணும், காட்டு" என்றாள்.

நான் அவள் புருஷனைப் பார்த்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ தம்பிக்கு அவ குடுக்கறா. இதுல நா என்னத்தச் சொல்றதுங்க" என்றார்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் சென்னைப் பக்கத்துப் பெண், சின்ன வயது, மரியாதையானவள். நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். "கூடப் பொறந்தவங்க. இணைச்சீர் பண்ணுனதே நாந்தாங்க" என்றாள் நங்கையா. மாமியார் ஆமாம் என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் பொய் சொல்வதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் பொய் சொல்லவில்லை. ரத்தம், ஸ்கேன், இதயம், நுரையீரல் என்று பரிசோதனை ஓடியது. எல்லாம் பொருந்தியது. இவ்வளவு சுத்தமான கல்லீரலைப் பார்த்து நாளாயிற்று என்று டாக்டரே சொன்னார். நங்கையா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள்.

அடையாள அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் கோஆர்டினேட்டர் திரும்ப வந்தாள். உங்கள் அப்பா பெயர் வேறு, அவர் அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்றாள்.

"எங்கப்பனும் அவங்கப்பனும் அண்ணந்தம்பிங்க" என்றாள் நங்கையா.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சட்டப்படி கூடப்பிறந்தவள் என்றால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவள். பெரியப்பா மகள் தூரத்து உறவுக் கணக்கில் வருவாள். அரசாங்கக் குழு உட்கார்ந்து, பணத்துக்காக இல்லை, பாசத்தினால்தான் கொடுக்கிறாள் என்று விசாரித்து அனுமதி தந்தால்தான் கத்தியை எடுக்க முடியும். "முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே விண்ணப்பம் போட்டிருப்பேன்மா" என்றாள். அவள் குரலில் குற்றம்சாட்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப நா அவனுக்கு ஆருங்க?" என்று கேட்டாள் நங்கையா.

சட்டத்தை நான் திட்ட மாட்டேன். ஏழைகளின் உறுப்பைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அப்படியொரு சட்டம் வேண்டும்தான். இதைப் பத்தாம் வகுப்புக்கே நடத்தலாம். ஆனால் அன்று உறவினர் ஒருவர் பெருந்துறைக்கு ஓடிப் போய் எங்கள் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நங்கையா அதை மடியில் வைத்துப் பிரித்து, இணைச்சீர்ப் படத்தைக் கோஆர்டினேட்டரிடம் காட்டினாள். மாலையும் கையுமாக அக்காளும் தம்பியும், நடுவில் சேலை. அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையும் சேர்த்தே அனுப்புகிறேன் என்றாள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்று ஆட்கள் அந்தியூருக்கும் கோயமுத்தூருக்குமாக அலைந்தார்கள். அலுவலகங்கள் தங்கள் வழக்கத்தைவிட வேகமாகத்தான் நடந்தன. யாரும் எங்களை விரட்டவில்லை. நங்கையா ஆஸ்பத்திரி உடுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும் என்று தண்ணீர் குடிக்கவும் யோசித்தாள்.

இதற்கு நடுவே தினமும் காலையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவர் வருவார். என் வயதுள்ள பெண். முதல் நாளே என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். யாருடைய கல்லீரல் தானாகத் திரும்பும், யாருடையது திரும்பாது என்பதை முன்கூட்டியே ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் ஆராய்ச்சி. என் கணவரின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வேறு எதற்கும்கூட அப்போது எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

அனுமதி வந்தது. கோஆர்டினேட்டர் ஓடி வந்துதான் சொன்னாள். நங்கையா எழுந்து நின்று தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். ஆனால் உள்ளேயிருந்து லிவர் டாக்டர் வெளியே வந்து, எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். மூளை வீக்கம் மிஞ்சிப் போய்விட்டது, கண்மணி வெளிச்சத்துக்கு அசையவில்லை, இனி கல்லீரல் வைத்தும் பயன் இல்லை, இன்னொரு நல்ல உடம்பையும் வீணாக வெட்டுவதாகிவிடும் என்றார். மறுநாள் என் கணவர் போய்விட்டார். பெருந்துறைக்குக் கொண்டுவந்தோம். எல்லாம் முறைப்படி நடந்தது. நான் பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சி மருத்துவர் போன் செய்தார். என் கணவரின் ரத்தம் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது, ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோயமுத்தூரில் ஒரு பெட்டியில் அவரில் கொஞ்சம் உறைந்து இருக்கிறது. பஸ் அந்தப் பக்கம் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன்.

அன்று போனில் அந்த மருத்துவரிடம் ஒன்று கேட்டேன். ஆபரேஷனை ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா?

"தெரியலைங்க. அதத்தான் தேடிட்டிருக்கறோம்" என்றார்.

எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள், விதி என்றார்கள். தெரியவில்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

போன மாதம் நங்கையா வந்திருந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் இருந்தோம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்த ஆராய்ச்சி மருத்துவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை விலக்கி வலது விலாவுக்குக் கீழே காட்டினாள். வெயில் படாத வெளுத்த தோல்.

"ஊருல இன்னும் கேக்கறாங்க கண்ணு, தம்பிக்கு ஈரல் குடுக்கப் போனியே, குடுத்தியான்னு. வெட்டியிருந்தா இந்நேரம் தழும்பு ஆறியிருக்குமல்ல. எம்பட தம்பியை அங்க உட்டுப்போட்டு, நா ஒரு கீறலில்லாம ஊடு வந்துட்டேனே."

அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.